சேலத்துக்குப் புதிதாக வந்த கத்தோலிக்கக் குடும்பமா? பங்கில் பெயர் பதிவது முதல் கைகொடுப்பது வரை

பதினான்கு மாதம், ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போயிருக்கிறோம். காணிக்கைப் பை வரும்போது பையன் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்துப் போடச் சொல்வேன். ஏப்ரலில் அவனைப் புதுநன்மை வகுப்பில், அதாவது முதன்முறை நற்கருணை வாங்கத் தயார் செய்யும் வகுப்பில், சேர்க்கப் போனேன். பங்கு அலுவலகத்தில் இருந்த அம்மா, "உங்க குடும்ப அட்டை நம்பர் சொல்லுங்க" என்றார். நான் ரேஷன் அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது இல்லீங்க, பங்கு அட்டை." அது எங்களிடம் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. காணிக்கைப் பை யார் பெயரையும் கேட்பதில்லையே! பங்கைப் பொறுத்தவரை நாங்கள் அதுவரை வந்துபோன விருந்தாளிகள்தான். வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் திருச்சிக்கு இரண்டு தடவை ஓடினேன்.

அதற்குப் பிறகும் கொடுக்கிற விஷயத்தில் நிறையத் தப்பு செய்தேன். கேட்காமல் வாங்கிக் கொடுத்தேன், ரசீது இல்லாமல் கொடுத்தேன், உயிரோடு இருப்பவருக்கு இறந்தோர் பூசை வைத்தேன். நீங்களாவது இந்த அலைச்சல் இல்லாமல் இருங்கள்.

1. உங்கள் பங்கு எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பங்கு என்பது ஒரு கோவிலும் அதன் எல்லைக்குள் குடியிருக்கும் கத்தோலிக்க மக்களும். அதை முடிவு செய்வது உங்கள் விருப்பம் அல்ல, நீங்கள் குடியிருக்கும் தெரு. அரிசிபாளையத்தில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம் ஆயரின் கோவில்; அங்கே பூசை பார்க்கிற எல்லோரும் பேராலயப் பங்கு மக்கள் அல்ல. எங்கே வேண்டுமானாலும் பூசை பார்க்கலாம். பதிவும் சான்றிதழும் கல்லறையும் என்று வரும்போது உங்கள் தெரு எந்த எல்லைக்குள் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். வாடகை வீடு மாறிச் சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டிக்குப் போனால் பங்கும் மாறும்.

அருகில் உள்ள கோவில் அலுவலகத்தில் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், தங்களுடையது இல்லை என்றால் சரியான பங்கைச் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் போய் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் ஃபாதரைச் சுற்றி இருபது பேர் இருப்பார்கள். வார நாளில் மாலைப் பூசைக்குப் பிறகு போவதே நல்லது. திங்களன்று பெரும்பாலும் அலுவலகம் இருக்காது.

2. காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள்

எங்களிடம் கேட்டவை இவை:

- வீட்டில் ஒவ்வொருவருக்கும் திருமுழுக்குச் சான்றிதழ்
- கோவிலில் தந்த திருமணச் சான்றிதழ் (பதிவுத்துறைச் சான்று வேறு, அதைக் காட்டினால் போதாது)
- முந்தைய பங்குத்தந்தையின் கடிதம்
- ஆதார் நகல், வீட்டு முகவரிக்கு ஒரு சான்று
- குடும்பப் புகைப்படம்

இதில் நேரம் தின்பது திருமுழுக்குச் சான்றிதழ்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதால் பிள்ளைக்குத் திருமுழுக்கும் பல நேரம் அங்கேயே நடந்திருக்கும். என் பையனின் பெயர் என் சொந்தப் பங்கில் இருக்கும் என்று நம்பித் திருச்சிக்குப் போனேன். அது இருந்தது மாமியார் ஊர்ப் பங்கில். முதல் நாள் பயணம் வீண்.

பழைய சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க: உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் நடந்த பிறகு அந்தக் குறிப்புகள் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படும். அதனால் புதிதாக எழுதி வாங்கிய பிரதியைத்தான் கேட்பார்கள். குறிப்பாகத் திருமணத்துக்கு, ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும்.

பெயர் பொருந்தாத சிக்கலும் உண்டு. திருமுழுக்கில் சவேரியம்மாள், ஆதாரில் எஸ். மேரி. இதற்காகப் பதறிப் பெயர் மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். இரண்டையும் கொண்டுபோங்கள், படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) ஆகும்வரை அந்தப் பகுதி சேலம் மறைமாவட்டத்தில்தான் இருந்தது. அதற்காகச் சேலம் ஆயர் இல்லத்துக்கு அலைய வேண்டாம், பதிவேடு இருப்பது திருமுழுக்கு நடந்த பங்கில்தான்.

கடிதம் எழுதிக் கேட்பதானால், திருமுழுக்கு நடந்த தேதி, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் ஆண்டையாவது சொல்லுங்கள், பழைய ஏட்டைப் புரட்டுகிறவர் பாவம். "பங்குத்தந்தை" என்று மட்டும் முகவரி எழுதினால் போதும். ஃபாதர் பெயரைப் போட்டு அனுப்பினால், அவர் மாற்றலாகிப் போயிருந்தால் கடிதமும் அவர் பின்னாலேயே போய்விடும். எனக்கு ஒன்று வர பத்து நாள், இன்னொன்றுக்கு மூன்று வாரம். செலவு சான்றிதழுக்குச் சிறு காணிக்கை, அஞ்சல் கட்டணம், அவ்வளவுதான். அவசரப்பட்டு நேரில் ஓடியதால்தான் எனக்குப் பேருந்துக்கே ஆயிரத்துக்கு மேல் ஆனது.

3. அன்பியத்தில் சேருங்கள்

உங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து ஓர் அன்பியம் இருக்கும். மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, விவிலியம் வாசித்துப் பகிர்ந்து, செபம் சொல்லிப் பிரிவார்கள். புதுக் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது. யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்பதெல்லாம் பலிபீடத்திலிருந்து அறிவிக்கப்படுவதில்லை. இந்தக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது காதில் விழும்.

உங்கள் வீட்டு முறை வரும்போது டீ, பிஸ்கெட்டோடு நிறுத்துங்கள். போன வீட்டில் கேசரி, பஜ்ஜி, அதனால் நம் வீட்டில் பிரியாணி என்று ஏறிக்கொண்டே போனால், வசதி இல்லாத வீட்டுக்காரர்கள் "எங்க வீட்டில இடம் பத்தாது" என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் அன்பியத்தில் இரண்டு குடும்பம் அப்படி விலகியது. அதில் ஒரு தடவை கேசரியோடு போட்டி போட்டது நான்தான்.

4. மாதச் சந்தா: சின்னத் தொகை, ஆனால் விடாமல்

திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்று திருச்சபைச் சட்டம் 222 சொல்கிறது. எவ்வளவு என்று அது சொல்லவில்லை. ஃபாதரைக் கேட்டால் "உங்களால இயன்றது" என்பார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பதில் உதவாது, எனக்கும் உதவவில்லை. அன்பியப் பொறுப்பாளரிடம், "நம்ம தெருவில பொதுவா எவ்வளவு எழுதறாங்க அண்ணா?" என்று கேட்டேன். பிறகு என் சம்பளத்தைப் பார்த்து மாதம் 300 ரூபாய் என்று எழுதினேன்.

ஏன் மாதாமாதம்? கோவிலின் செலவு மாதாமாதம் வருவதால்தான். மின்கட்டணம், கோவில் பணிகளில் ஃபாதருக்கு உதவும் உபதேசியாரின் சம்பளம், கோவிலைப் பெருக்கும் அம்மாவின் சம்பளம், பூசைக்கான அப்பம், திராட்சை இரசம், மெழுகுவர்த்தி எல்லாம் ஜூலையிலும் உண்டு. உண்டியல் நிரம்புவதோ கிறிஸ்துமஸிலும் உயிர்ப்பு விழாவிலும். ஆண்டுக்கு ஒரு தடவை 5,000 ரூபாய் போடுகிறவரைவிட மாதம் 300 கொடுக்கிறவரை நம்பித்தான் பங்கில் வரவுசெலவு போட முடியும்.

சந்தா அட்டையில் ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்குங்கள். பாக்கி வைத்துக்கொண்டே போய், மகள் திருமணத்துக்கு ஓலை வாசிக்க (கோவிலில் திருமண அறிவிப்பு செய்ய) வரும்போது மூன்று ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்ட நேர்ந்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. உண்மையிலேயே முடியாதவர்கள் பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். வறுமையைக் காரணம் காட்டி யாருக்கும் அருள்சாதனம் (திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம் போன்றவை) கிடைக்காமல் போகக்கூடாது என்பது சட்டம் 848. அதை அலுவலகத்தில் சத்தமாக எடுத்துச் சொல்லவேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

சில ஞாயிறுகளின் காணிக்கை உங்கள் பங்கில் தங்காது. அக்டோபரில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. ஜூன் 29ஐ ஒட்டிய ஞாயிறு திருத்தந்தையின் அறப்பணிக்கு. பெரிய வெள்ளியன்று புனித நாட்டுக்கு. தவக்காலத்தில் பிள்ளைகளிடம் சிறு உண்டியல் கொடுப்பார்கள். அந்த நாட்களுக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள், சந்தாவில் கழிக்காதீர்கள்.

5. பூசைக் கருத்து எழுதும்போது சீட்டை இரண்டு தடவை படியுங்கள்

யாருக்காக, எதற்காகப் பூசையில் செபிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் பூசைக் கருத்து. அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். சீட்டில் இரண்டு கட்டம்: உயிரோடு இருப்போர், இறந்தோர். அவசரத்தில் எந்தக் கட்டத்தில் பெயரை எழுதினேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். காலைப் பூசையில் அம்மாவின் பெயரைச் சொல்லி ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்தார்கள், அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து "ஆமென்" சொன்னார். அன்று சாயங்காலம் வரை எனக்குத் துக்கம் விசாரித்து போன் வந்துகொண்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூசைக்குக் கொடுப்பது காணிக்கை, விலை அல்ல. வழக்கமான தொகை எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அதற்கு வழியில்லாதவர்களுக்காகவும், காணிக்கை இல்லாமலே, அவர்கள் கருத்துக்குப் பூசை வைக்கும்படி குருக்களுக்குத் திருச்சபைச் சட்டம் 945 பரிந்துரைக்கிறது. ஒரு பூசையில் பலருடைய கருத்துகளைச் சேர்த்து வாசிப்பதும் உண்டு. அப்படியா, உங்களுக்கு மட்டும் தனியாகவா என்று எழுதும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு வருத்தப்பட வேண்டாம்.

நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளுக்கும் நவம்பர் மாதம் முழுவதற்கும் அக்டோபர் நடுவிலேயே எழுதிவிடுங்கள். திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாள்களை எங்கள் பங்கில் அன்பியங்களுக்குப் பிரித்துவிடுகிறார்கள், தனி ஆளாக ஒரு நாளை எடுக்க ஆசைப்பட்டால் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பாவது கேளுங்கள்.

6. பெரிய தொகை கொடுப்பதானால்

போனஸ் வந்த ஆண்டு பத்தாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு "நல்ல காரியத்துக்கு ஃபாதர்" என்று கொடுத்தேன். என் மனதில் இருந்தது ஏழைப் பிள்ளைகளின் படிப்பு. அந்தப் பணம் கூரை ஒழுகல் அடைக்கப் போனது. கூரை அடைப்பதும் நல்ல காரியம்தானே, யாரைக் குறை சொல்ல?

குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது சட்டம் 1267. நோக்கம் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே? கவரின் மேல் ஒரு வரி எழுதுங்கள், ரசீதிலும் அதே வரியை எழுதச் சொல்லுங்கள். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். பங்கின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது.

வருமான வரிக் கழிவு வேண்டும் என்பவர்கள் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கோவில் சந்தா ரசீதை வைத்து 80ஜி கழிவு கிடைக்கும் என்று நான் நம்பி ஏமாந்தேன். அந்தக் கழிவுக்கான வருமான வரித்துறைப் பதிவு இருப்பது பெரும்பாலும் சமூகப்பணி செய்யும் அறக்கட்டளைகளிடம். பதிவு உள்ள அமைப்பானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வேண்டும். உங்கள் பான் எண்ணையும் கொடுத்து, நிதியாண்டு முடிந்த பிறகு நன்கொடைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, அவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

வெளிநாட்டுப் பணம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் திருவிழாவுக்கு அனுப்புகிறேன் என்றார். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் நாட்டுச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கு வழியாக மட்டுமே, அதை வாங்க முடியும். "அப்ப உங்க அக்கவுண்டுக்கு அனுப்பறேன் மாமா, நீங்க குடுத்துடுங்க" என்றார். அதையும் செய்ய வேண்டாம் என்று எங்கள் நிதிக்குழுவில் இருந்த ஆடிட்டர் தடுத்துவிட்டார். இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் இந்தச் சிக்கல் இல்லை.

7. பொருளாகக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

கோவில் வளாகத்தில் பிள்ளைகள் குடிக்க ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தேன், யாரையும் கேட்காமல். வைக்க இடம் இல்லை, குழாய் இணைப்பு இல்லை, அதற்கு ஒரு பிளம்பர். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புக்கு நாலாவது மாதமே ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்றும் செலவு பங்கின் தலையில். இப்போது அது பூசைப் பொருட்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் பழைய குடில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதிலிருந்து நான் கேட்கும் கேள்விகள் மூன்று: இது வேண்டுமா? எங்கே வைப்பீர்கள்? ஆண்டுக்கு எவ்வளவு செலவு வைக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால் அந்தத் தொகையையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் பணமாகவே கொடுத்துவிடுங்கள். கொடுத்த பொருளில் உங்கள் பெயரைப் பொறிப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது விவிலியம், அது உங்களுக்கும் உங்கள் இடது கைக்கும் உள்ள விவகாரம்.

துணிமணி கொடுப்பவர்கள் துவைத்து, பொத்தான் பார்த்து, அளவு வாரியாகக் கட்டிக் கொடுங்கள்.

8. ஏற்காட்டுக்கு உதவி கொண்டுபோகிறவர்களுக்கு

டிசம்பர் வந்தால் சேலத்துப் பங்குகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் கம்பளியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகும். நாங்களும் போனோம். ஒரு எஸ்டேட் குடியிருப்பில் ஒரு பாட்டி கம்பளியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இந்த மாசம் மூணாவது கம்பளிங்க சாமி. ஜூன்ல வந்தீங்கன்னா பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தரலாம்."

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. காப்பிப் பழம் பறிப்பது ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் கையில் கொஞ்சம் கூலி புழங்கும். பள்ளி திறக்கும் ஜூனில்தான் கை கடிக்கும், அப்போது மேலே யாரும் போவதில்லை. நீங்கள் போவதானால் மே கடைசி வாரத்தில் அங்குள்ள பங்குத்தந்தையையோ அருள்சகோதரிகளையோ போனில் கேட்டு, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று பட்டியல் வாங்குங்கள். பட்டியலில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படிப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

நோட்டும் பையும் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள். கோடை விழா நடக்கும் நாட்களில் மலைப்பாதையில் நெரிசல் அதிகம், அதைத் தவிருங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதை நாங்கள் அந்த ஆண்டோடு விட்டுவிட்டோம். இப்போது மூட்டையை இறக்கி வைத்து, ரசீதில் கையெழுத்து வாங்கி, காப்பி குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம்.

9. நேரம் கொடுப்பது, கணக்கு கேட்பது

பணம் இல்லாதவர்களுக்கு மட்டும் உள்ள மாற்றுவழி என்று இதை நினைக்காதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரம் கூடி, ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராக. புதிதாக ஓர் ஆள் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள், அவ்வளவு ஆள் தட்டுப்பாடு. மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, திருவிழாவில் வண்டி நிறுத்தம் ஒழுங்கு செய்வது எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஒன்றை மட்டும் எடுத்து ஓர் ஆண்டு செய்யுங்கள். நான் மூன்றில் பெயர் கொடுத்து மூன்றிலும் பாதிநாள் வராதவன் ஆனேன்.

உண்டியல் எண்ண அழைத்தால் போங்கள். ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள். எண்ணி முடித்ததும் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது சட்டம் 537. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்கு சொல்லவேண்டும் என்பது 1287. ஆகவே கேட்பதில் தப்பில்லை. கேட்கும் இடமும் விதமும் முக்கியம். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று "கணக்கு எங்கே?" என்றால் சண்டை என்றுதான் அர்த்தம். அன்பியப் பிரதிநிதி வழியாகப் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து வரவுசெலவுத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்தபோதுதான் மின்கட்டணம் எவ்வளவு என்று தெரிந்தது. அந்த மாதமே சந்தாவை 500 ஆக்கினேன்.

10. சேலத்தை விட்டுப் போகும்போது

வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் திரும்ப வாங்கும் வாரத்திலேயே பங்கு அலுவலகத்துக்கும் போங்கள். சந்தா அட்டையை அந்த மாதம் வரை முடித்து, அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இங்கே புதுநன்மையோ உறுதிபூசுதலோ நடந்திருந்தால் அதற்கான சான்றிதழையும் கையோடு வாங்குங்கள். உறுதிபூசுதல் என்றால், அந்தத் தகவல் திருமுழுக்கு நடந்த பங்குக்கு அனுப்பப்பட்டதா என்றும் கேளுங்கள். அன்பியத்தின் நோட்டு, வசூல் பணம், பாய், மைக் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால் சாமான் லாரி வருவதற்கு முன் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பத்தோடு அன்பியத்தின் இரண்டு பாய் கோயம்புத்தூர் போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை.